ஒரு வரிசைக் கல்

யாகப்பனுக்குக் கல் தெரியும். கரட்டுக்கொட்டாயில் அவர் கை படாத வரப்பு குறைவு. சுண்ணாம்பு இல்லை, சிமெண்ட் இல்லை. கல்மேல் கல் வைத்து, சந்தில் சில்லு அடித்து, மண்ணைத் தாங்கும்படி கட்டிவிடுவார். சரிவாகக் கிடக்கும் மானாவாரிக் காட்டில் அப்படி ஒரு கல்கட்டு இல்லாவிட்டால் இரண்டு மழைக்கு மேல்மண் போய்விடும். மழை பெய்யும் வருஷத்தில் வரப்புக் கட்டக் கூப்பிடுவார்கள். பெய்யாத வருஷத்தில் கிணறு ஆழப்படுத்தக் கூப்பிடுவார்கள். சொந்தமாகக் கொஞ்சம் கொள்ளுக்காடு இருந்தது. படிப்பு நாலாவது வரை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் கடைசி வரிசையில் நிற்பார். அதிகம் பேசமாட்டார். அவரைப் பற்றி ஊரில் சொல்வதற்கு ஒன்றுதான் இருந்தது: யாகப்பன் வைத்த கல்லை யாரும் திருப்பி வைக்க வேண்டியதில்லை. எண்பத்து மூன்றாம் வருஷம்வரை அப்படித்தான் சொன்னார்கள்.

சேலத்திலிருந்து தர்மபுரி வழியாகப் பெங்களூர் போகும் மீட்டர்கேஜ் பாதை கரட்டை ஒட்டி வளைகிற இடத்தில் ஊருக்கு ஒரு ஹால்ட் இருந்தது. ஒரு தகரக் கொட்டகை, ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. ஊர்க்காரர் வெங்கடாசலம் கமிஷனுக்கு டிக்கெட் விற்றார். கொட்டகையைக் கூட்டுவதும் முள்ளை வெட்டுவதும் பானையில் தண்ணீர் வைப்பதும் ஊர்க்காரர்களே முறைபோட்டுச் செய்தார்கள். கேட்டு வாங்கிய ஹால்ட் என்பதால் அதைத் தங்கள் சொத்தாகவே நினைத்தார்கள். காலையில் சேலத்துக்கு ஒரு பாசஞ்சர், மாலையில் அது திரும்பி வரும். பிளாட்பாரம் கிடையாது. தரையிலிருந்து பார்த்தால் பெட்டியின் கீழ்ப்படியே இடுப்பு உயரத்தில் இருக்கும். கார்டு விசில் ஊதுவதற்குள் ஏறியாக வேண்டும். வயசானவர்களைக் கீழிருந்து ஒருவர் தள்ளுவார், மேலிருந்து ஒருவர் இழுப்பார்.

பூ விற்கச் சேலம் போகும் குள்ளம்மாளை, கூடையைத் தூக்கிவிடும் ஊர்க்காரன் மாரப்பன் தினமும் சீண்டுவான். "ஏங்க்கா, மொதல்ல கூடைய ஏத்தவா, உன்னைய ஏத்தவா?"

"கூடைய ஏத்துடா. அதுக்குத்தான் வெல இருக்குது."

சிரித்துக்கொண்டே ஏறிவிடுவார்கள். அந்த உயரம் யாருக்கும் பெரிய குறையாகத் தெரியவில்லை.

அந்த வருஷம் மாசியில் யாகப்பனின் மனைவி மிக்கேலம்மாளுக்கு உதிரப்போக்கு நிற்காமல் போனது. தர்மபுரியில் பார்த்துவிட்டுச் சேலத்துக்கு அனுப்பினார்கள். கருப்பை வாயில் கட்டி. கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். கதிர் சிகிச்சைக்கு ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் அது. ஞாயிறு நீங்கலாகத் தினமும் வர வேண்டும். டாக்டர் யாகப்பனை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"கட்டி இன்னும் கைமீறிப் போகல. குணமாக நல்ல வாய்ப்பு இருக்குது. ஆனா நடுவுல விடக்கூடாது. ஒரு வாரம் விட்டீங்கன்னா, அதுவரைக்கும் வெச்சது வீணாயிடும். புரியுதா?"

"புரியுதுங்க."

"என்ன புரிஞ்சுது, சொல்லுங்க."

"வுடக்கூடாதுங்க."

ஆஸ்பத்திரியில் படுக்கை காலியில்லை. முதல் இரண்டு நாள் வராந்தாவில் படுத்ததில் மிக்கேலம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. வீட்டிலிருந்தே வந்து போங்கள் என்று நர்ஸ் சொன்னார். பஸ் ஏற வேண்டுமானால் மெயின்ரோடுவரை வண்டித்தடத்தில் மாட்டுவண்டியில் போக வேண்டும். குலுங்கினால் ரத்தம் போகும். ரயிலில் ஒரு மரப்பலகையில் படுக்கவைத்துக் கொண்டுபோய்விடலாம். ஆகவே அவர்களுக்கு இருந்தது அந்த ஒரு வண்டிதான். ஒரே பிள்ளை வெளியூரில் பாலிடெக்னிக் விடுதியில் இருந்தது. பரீட்சை முடிகிறவரைக்கும் சொல்ல வேண்டாம் என்று மிக்கேலம்மாள் சொல்லிவிட்டார்.

தினமும் காலையில் மாரப்பன் முதலில் பெட்டிக்குள் ஏறிக் கையை நீட்டுவான். யாகப்பன் கீழிருந்து மனைவியைத் தூக்குவார். மிக்கேலம்மாள் சத்தம் போடமாட்டார். உதட்டைக் கடித்துக்கொள்வார். ஒருநாள் மாரப்பனின் கைக்கு வேர்த்திருந்தது. மிக்கேலம்மாள் நழுவி, படியின் இரும்பு அடிவயிற்றில் மோதியது. அன்று சேலம் போய்ச் சேர்வதற்குள் புடவை முழுக்க நனைந்துவிட்டது.

மாலையில் வீட்டில் படுத்தவாறே அவர் சொன்னார். "என்னாங்க, போதுங்க. நான் போகல."

"ஏன்?"

"ஏர்றதுலயே உசுரு போயிடும்போல இருக்குது. அப்புறம் கரண்டு எதுக்கு?"

யாகப்பன் நேராக வெங்கடாசலத்திடம் போனார்.

"பிளாட்பாரம் கட்டிக்கலாமா?"

வெங்கடாசலம் சிரித்தார். "நானும் மேல கேட்டுக்கிட்டேதான் இருக்கறேன். பணமில்லைங்கறான்."

"பணம் வேண்டாம். கல்லு இருக்குது. மண்ணு இருக்குது. ஆளு இருக்குது."

அது உண்மை. மழை இல்லாததால் காட்டில் வேலை இல்லை. ஒவ்வொரு கிணற்றங்கரையிலும் தோண்டிப் போட்ட கல் குவிந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பங்குச் சாமியார் அறிவித்தார். மாரியம்மன் கோயில் பக்கத்துக் கொட்டாய்களுக்கு மாரப்பன் போய்ச் சொன்னான். திங்கட்கிழமை காலையில் ஹால்ட்டில் திருவிழாக் கூட்டம்.

மேலிடத்து அனுமதி கேட்டால் மாசக்கணக்காகும். ஆகவே வேலை தொடங்குவதற்கு முந்தின வாரமே வெங்கடாசலம் பாதை பார்க்கும் கேங் மேஸ்திரியைப் பிடித்துக் கேட்டிருந்தார். மேஸ்திரி முதலில் தயங்கினார். பிறகு மிக்கேலம்மாளைத் தூக்கி ஏற்றுவதை ஒருநாள் நின்று பார்த்தார். மறுநாள் சுண்ணாம்போடு வந்து, தண்டவாளத்திலிருந்து அளந்து, தரையில் நீளமாக ஒரு கோடு போட்டார்.

"இந்தக் கோட்டுக்கு அந்தாண்ட கட்டிக்குங்க. இந்தாண்ட ஒரு சில்லு வந்தாலும் எனக்கு வேலை போயிடும். நான் பாத்ததாவும் வேண்டாம், சொன்னதாவும் வேண்டாம்."

அப்போது அங்கே இருந்தவர்கள் யாகப்பனும் வெங்கடாசலமும் மட்டும்தான். மற்றவர்கள் அதை யாகப்பன் போட்ட அளவுக்கோடு என்றே நினைத்தார்கள்.

ஒரு வாரம் வேலை நடந்தது. இரண்டு பெட்டி நீளத்துக்குப் போதும் என்று யாகப்பன் சொன்னார். கல் சுமந்தவர்கள், மண் வெட்டியவர்கள், தண்ணீர் கொண்டுவந்து மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்தியவர்கள் என்று ஆளாளுக்கு ஒரு வேலை எடுத்துக்கொண்டார்கள். மத்தியானம் பெரிய அண்டாவில் களி கிண்டினார்கள். யார் கிணற்றுக் கல் உறுதி என்பதில் சண்டைகூட வந்தது. கல்லை வைத்தது யாகப்பன் மட்டும். அவருக்குப் பக்கத்தில் வேறு யாரும் கல் வைக்கத் துணியவில்லை. அந்த ஒரு வாரமும் காலையில் மனைவியை ஏற்றி, சேலம் கொண்டுபோகக் குள்ளம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு, மாலை வண்டி வரும்வரை குனிந்த முதுகு நிமிராமல் வேலை செய்தார்.

சனிக்கிழமை காலையில் மண்மேடு படி உயரத்துக்கு வந்திருந்தது. வண்டி வந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். மிக்கேலம்மாளை நடத்திக் கூட்டிவந்தார்கள். விளிம்பில் வந்து அவர் நின்றார். மேட்டுக்கும் பெட்டியின் படிக்கும் நடுவில் ஒரு சாணுக்கு மேல் இடைவெளி இருந்தது. நல்ல உடம்புக்காரர்களுக்கு அது ஒரு எட்டு. அவரால் காலை அகட்ட முடியவில்லை. கீழே பார்த்தார். சக்கரம் தெரிந்தது. பின்வாங்கினார். கடைசியில் அன்றும் தூக்கித்தான் ஏற்றினார்கள்.

வண்டி போன பிறகு யாகப்பன் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மத்தியானம் எல்லோரும் களி தின்ன உட்கார்ந்திருந்தபோது அவர் மட்டும் கல் எடுத்தார். மாலை வண்டி நின்ற நேரத்தில் படியின் ஓரத்துக்கு நேராக நூல் பிடித்து அடையாளம் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவில்லை. முன்பக்கம் இன்னொரு வரிசை கல் வைத்துக் கட்டி, மண் நிரப்பி, பழைய விளிம்போடு சேர்த்துவிட்டார். சுண்ணாம்புக் கோடு கல்லுக்கு அடியில் போனது.

வெங்கடாசலம் வந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"எவ்வளவு சந்து இருக்கும்?" என்று கேட்டார்.

"ஒரு வெரல்."

"இடிக்காதா?"

"நூல் புடிச்சுப் பாத்துட்டேன். தொடாது."

திங்கட்கிழமை மிக்கேலம்மாள் நடந்தே ஏறினார். கையைக்கூடப் பிடிக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் கூட்டத்தைப் பார்த்தார். முகத்தில் வெட்கம் தெரிந்தது. குள்ளம்மாள் கூடையோடு பின்னால் ஏறினாள். "யாகப்பண்ணா, என்னையும் பொண்டாட்டி மாதிரி ஏத்திட்டீங்களே," என்றாள். மாரப்பன் விசில் அடித்தான். யாகப்பன் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ஊர் பார்த்தது அன்றுதான்.

நிற்கும் வண்டி வேறு, ஓடும் வண்டி வேறு. பெட்டி ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது இரண்டு பக்கமும் ஆடும். வளைவில் ஒரு பக்கமாக இன்னும் வெளியே வரும். நிற்கும்போது ஒரு விரல் இருக்கும் சந்து, ஓடும்போது இருக்காது. அதற்குத்தான் அந்தச் சாண் இடைவெளி. கரட்டுக்கொட்டாய்க்குத் தெரிந்த வண்டி, வந்து நிற்கிற வண்டி. நிற்காமல் போகும் கூட்ஸை அவர்கள் திரும்பிப் பார்த்ததில்லை. வரப்புக் கட்டுகிறவருக்கு எதிரில் இருக்கும் நிலம் ஆடாது. யாகப்பன் ஆடாத ஒன்றுக்கு அளவெடுப்பதுபோல் ரயிலுக்கு அளவெடுத்தார்.

புதன்கிழமை மத்தியானம் அந்த வாரத்தின் முதல் கூட்ஸ் வந்தது. கரி இஞ்சின். வளைவில் வேகம் குறைக்கவில்லை, குறைக்க வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. இஞ்சினின் கீழ்ப்பக்க இரும்பு முன்வரிசைக் கல்லை வாரியது. ஒரு கல் தெறித்துப் பயர்மேனின் முழங்காலைக் கிழித்தது. அடுத்த ஸ்டேஷனில் டிரைவர் எழுதிக்கொடுத்தார்.

மறுநாள் காலைக்குள் கேங் ஆட்கள் வந்து முன்வரிசையைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். காலை பாசஞ்சர் நிற்காமல் போனது. பத்து மணிக்குத் தண்டவாளத்தில் ஓடும் தள்ளுவண்டியில் ரயில்வே இன்ஸ்பெக்டர் வந்தார். அதற்குள் ஊர் கூடிவிட்டது. விஷயம் சரியாகத் தெரியாததால் சிலர் பெருமையாகவே நின்றார்கள்.

"யார் கட்டினது இது?"

"நாங்கதானுங்க," என்றார்கள் நாலைந்து பேர் ஒன்றாக.

"யாரைக் கேட்டுக் கட்டினீங்க?"

இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் இல்லை. பிய்த்துப்போட்ட விளிம்பை உட்கார்ந்து பார்த்தார். கையால் தரையைத் துடைத்தார். சுண்ணாம்புக் கோடு துண்டுதுண்டாகத் தெரிந்தது. மேஸ்திரி தூரத்தில் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"கோடு போட்டிருக்குது. போட்டும் தாண்டியிருக்கீங்க. கல்லு சக்கரத்துக்கு அடியில போயிருந்தா வண்டியே கவுந்திருக்கும், தெரியுமா? விசாரணை வரும். இது மொத்தமும் அனுமதியில்லாத கட்டடம். இது இருக்கறவரைக்கும் இங்க வண்டி நிக்காது. இந்த இடத்தை ஊர்ந்துதான் தாண்டும். மொத்தத்தையும் எடுத்துப் பழைய தரைக்குக் கொண்டாங்க. நான் வந்து பாத்து எழுதினா மறுநாளே நிக்கும்."

தள்ளுவண்டி போனது. வெங்கடாசலம் டிக்கெட் பெட்டியைப் பூட்டினார். மாரப்பன் யாகப்பனிடம் வந்தான்.

"கோடு போட்டாங்களாண்ணா?"

"போட்டாங்க."

"எங்க போட்டாங்க?"

"நான் வெச்ச கல்லுக்கு அடியில."

மாரப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அன்று மாலை தகரக் கொட்டகையில் கூடினார்கள். பால்காரர்கள் சேலத்துக்கு எப்படிப் பால் அனுப்புவது என்று கேட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்ன வழி என்று கேட்டார்கள். எல்லாக் கேள்வியும் யாகப்பனைப் பார்த்தே வந்தது. பஞ்சாயத்தில் இருந்த செபாஸ்டின் எழுந்தார்.

"அவன் சொன்னான்னு எடுத்துட்டா, தப்புப் பண்ணினோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் நம்ம ஆயுசுக்கும் பிளாட்பாரம் கெடையாது. முன்வரிசை போச்சு, சரி. மீதி கோட்டுக்கு அந்தாண்டதானே இருக்குது? மனு குடுப்போம். எம்எல்ஏவைப் பாப்போம். ஒரு மாசம் பொறுத்தா அனுமதி வாங்கிடலாம்."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. நியாயமும்தான். கல் அவர்களுடையது, மண் அவர்களுடையது, கொப்புளித்த கை அவர்களுடையது.

"ஒரு மாசம் முடியாதுங்க," என்றார் யாகப்பன்.

"ஏன் முடியாது?"

"அவளுக்கு வுடக்கூடாதுங்க."

"அந்த ஒருத்திக்காகத்தான் இவ்வளவும் ஆச்சு," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். "கோட்டுலயே நின்னிருந்தா இன்னிக்கு வண்டி நின்னிருக்கும். ஊருக்குக் கட்டறன்னு கூப்புட்டுப் பொண்டாட்டிக்குப் படி கட்டிக்கிட்டாரு."

யாகப்பன் மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாட்டுவண்டி கேட்டார். வைக்கோலை மெத்தைபோல் பரப்பி, மிக்கேலம்மாளைப் படுக்கவைத்து, பக்கத்து ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். பாதித் தூரம்கூடப் போகவில்லை. வைக்கோல் சிவந்துவிட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். அன்று விட்டுப்போனது. வியாழக்கிழமை ஏற்கெனவே விட்டுப்போயிருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் கடப்பாரையோடு ஹால்ட்டுக்குப் போனார். தான் வைத்த கல்லைத் தானே நெம்பினார். நன்றாகக் கட்டியிருந்தார். ஒரு கல் வெளியே வருவதற்குள் மூச்சு வாங்கியது. நாலைந்து கல் பெயர்த்ததும் சத்தம் கேட்டு ஆட்கள் வந்தார்கள். யாரும் அடிக்கவில்லை. கடப்பாரையை மட்டும் பிடுங்கிக்கொண்டார்கள். ஆண்கள் போன பிறகு பெண்கள் வந்து மேட்டின் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். யாகப்பன் கையாலேயே கல்லைப் பிடித்து இழுத்தார். குள்ளம்மாள் இறங்கிவந்து அவர் கையைப் பிடித்தாள்.

"அண்ணா, நகம் பேந்துபோச்சு. வுடுங்க."

"எழுந்திரிச்சுக்கச் சொல்லும்மா. எழுந்திரிச்சுக்கிட்டா நான் பொழுதுக்குள்ள எடுத்துடுவேன்."

"அவுங்க எழுந்திரிக்க மாட்டாங்கண்ணா. நான் சொன்னா கேப்பாங்களா?"

அப்போது காலை பாசஞ்சர் வந்தது. ஊர்ந்து வந்தது. நடக்கிற மனிதன்கூடப் பக்கத்தில் கூடவே வரலாம், அவ்வளவு மெதுவாக. ஜன்னல்களில் தெரிந்த முகங்கள், தினமும் கூடப் போகிற முகங்கள். ஒருவர் கையை ஆட்டினார். வண்டி நிற்காமல் கடந்து, வளைவு தாண்டி வேகமெடுத்தது. யாகப்பன் அதைக் கடைசிப் பெட்டிவரை பார்த்துக்கொண்டு நின்றார்.

ஞாயிறு ஆஸ்பத்திரி இல்லை. அன்று முழுக்க அவர் மனைவியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மிக்கேலம்மாள் ஜெபமாலையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு கிடந்தார்.

"ஊருல ஏசறாங்களாமே?"

"யார் சொன்னது?"

"இங்க வரைக்கும் கேக்குதே. எனக்காக யார் கையிலயும் கால்லயும் வுழாதீங்க."

"வுழல."

திங்கட்கிழமை காலையில் யாகப்பனும் அவருடைய தம்பி சவரியும் மாரப்பனின் மாமியாருமாகக் கட்டிலோடு மிக்கேலம்மாளைத் தூக்கிக்கொண்டு ஹால்ட்டுக்கு வந்தார்கள். மாரப்பன் வரவில்லை. மேட்டுக்கு அப்பால், வெறும் தரையில், பாதையோரம் கட்டிலை இறக்கினார்கள். மேட்டின் மேல் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் யாகப்பன் நடந்துபோய்த் தண்டவாளங்களுக்கு நடுவில் நின்றார்.

வண்டி அந்த இடத்தில் ஊர்ந்துதான் வரும் என்பது அவருக்குத் தெரியும். டிரைவருக்கு நிறுத்த நேரம் இருக்கும். நிறுத்துவாரா என்பது மட்டும் தெரியாது. துண்டை எடுத்துக்கூட ஆட்டவில்லை. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். இஞ்சின் ஊதியது. விடாமல் ஊதியது. பெண்கள் கத்தினார்கள். சவரி ஓடிப்போய் இழுத்தார், அசையவில்லை. இஞ்சின் அவருக்கு எதிரில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், வந்து நின்றது.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "சாவறதுக்கு என் வண்டிதான் கெடைச்சுதாய்யா?"

"சாவறதுக்கு இல்லீங்க. ஏத்தறதுக்கு."

டிரைவர் கட்டிலைப் பார்த்தார். கார்டு கீழே குதித்து ஓடிவந்தார். இங்கே ஸ்டாப்பிங் இல்லை, இது கேஸாகும் என்றார். யாகப்பன் நடுவிலிருந்து நகரவில்லை.

"அவள ஏத்துங்க. நான் நவுந்துக்கறேன்."

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு மேட்டிலிருந்து குள்ளம்மாள் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் இறங்கினார்கள். பெட்டிக்குள்ளிருந்து கைகள் நீண்டன. கீழே இருந்தவர்கள் கட்டிலைத் தூக்கிப் பிடிக்க, உள்ளே இருந்தவர்கள் மிக்கேலம்மாளை இழுத்துக்கொண்டார்கள். மிக்கேலம்மாளின் வாயிலிருந்து அந்த ஒருமுறைதான் சத்தம் வந்தது. உள்ளே போனதும் யாகப்பன் பாதையை விட்டு விலகி, குள்ளம்மாளோடு அதே பெட்டியில் ஏறினார். கார்டு டிக்கெட் கேட்டார்.

"டிக்கெட் குடுக்கறவரே பெட்டியப் பூட்டிட்டாருங்க," என்றாள் குள்ளம்மாள். "எங்கள எறக்கி வுடறதுன்னா, அதுக்கு இன்னொரு தடவ நிறுத்தணும்."

சேலத்தில் ரயில்வே போலீஸ் காத்திருந்தது. யாகப்பன் தானாகவே இறங்கிப் போனார். அவரைக் கூட்டிக்கொண்டு போகும்போது, "ஆஸ்பத்திரிவரைக்கும் வுட்டுட்டு வந்துடட்டுங்களா?" என்று கேட்டார். முடியாது என்றார்கள். குள்ளம்மாள்தான் மிக்கேலம்மாளை ரிக்‌ஷாவில் கொண்டுபோனாள்.

ஆஸ்பத்திரியில் கூட வந்தவர் யார் என்று கேட்டார்கள். புருஷன் ஸ்டேஷனில் இருக்கிறார் என்று சொன்னாள். எந்த ஸ்டேஷன் என்று கேட்டார்கள். போலீஸ் ஸ்டேஷன் என்றாள். திரும்பக் கூட்டிப்போக ஆளில்லாத நோயாளியை அனுப்ப முடியாது. இத்தனை நாளும் இல்லாத படுக்கை அன்று சாயங்காலம் கிடைத்தது.

கோர்ட்டில் அபராதம் போட்டார்கள். வெங்கடாசலம் வந்து கட்டி வெளியே கொண்டுவந்தார். டீக்கடையில் நின்றபோது அவர்தான் சொன்னார்.

"நீ போன அன்னிக்கே எடுத்துட்டாங்க. செபாஸ்டின் வேண்டாம்னாரு. மாரப்பன் கேக்கல. மொதல் கல்லு அவன்தான் நெம்புனான். பொம்பளைங்க மண்ண வாருனாங்க. இப்ப வெறுந்தரைதான். இன்ஸ்பெக்டர் பாத்துட்டாரு. நாளையிலேர்ந்து வண்டி நிக்குது."

யாகப்பன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"ஏசுனாங்களா?"

"ஏசிக்கிட்டேதான் எடுத்தாங்க."

கரண்ட் மறுபடி வைத்தார்கள். விட்டுப்போன நாட்களைப் பற்றி யாகப்பன் டாக்டரிடம் கேட்டார். டாக்டர் பார்க்கலாம் என்றார். பிறகு மிக்கேலம்மாளுக்குக் கால் வீங்கியது. அதைப் பார்த்த பிறகு யாகப்பன் எதுவும் கேட்கவில்லை. பிள்ளைக்குத் தந்தி போனது.

மிக்கேலம்மாள் அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. யாகப்பன் காலை வண்டியில் வந்து மாலை வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். கடைசி வாரத்தில் ஒருநாள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தபோது மிக்கேலம்மாள் கண்ணைத் திறந்தார்.

"இங்க முடிஞ்சு வூட்டுக்குப் போறப்ப நடந்தே எறங்குவேன்."

"எறங்கு."

"மேடு இருக்குதில்ல?"

"இருக்குது."

"முன்வரிசை போயிடுச்சுன்னு குள்ளம்மா சொன்னாளே."

"அது மட்டும்தான் போச்சு. மீதி அப்படியே இருக்குது."

"இடிக்க வுட்டுடாதீங்க. கஷ்டப்பட்டுக் கட்டுனது. ஒரு வாட்டிதான் ஏறுனேன்."

அவர் ஏறியது ஒருமுறை இல்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அதில்தான் நடந்து ஏறினார். யாகப்பன் திருத்தவில்லை.

"எந்தக் கெணத்துக் கல்லுங்க அது? ஓரத்துல கருப்பா ஒண்ணு இருந்துச்சே."

"அது மாரப்பன் கெணத்துது."

"அப்புறம்?"

மாலை வண்டிக்கு நேரமாகியிருந்தது. யாகப்பன் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். பெயர்ப்பலகைப் பக்கத்திலிருந்து தொடங்கினார். முதல் கல் செபாஸ்டின் காட்டுக் கல், அடுத்த இரண்டும் கோயில் கிணற்றுடையவை, அதற்கப்புறம் ஒரு வெள்ளைக்கல், அது நிற்காமல் மூன்று தடவை எடுத்து வைத்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பாதி நீளம் வருவதற்குள் மிக்கேலம்மாள் தூங்கிவிட்டார். யாகப்பன் மீதியையும் சொல்லி முடித்தார்.